பூசை அலமாரிக்கும் உள்ளறைக்கும் நடுவே

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் கேட்பார்கள், கேட்கட்டும், கேட்பதற்குத்தானே குழு, ஆனால் அதற்கு முன்னால் இந்தப் பாழாய்ப்போன வைஃபை டாங்கிளைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ள வேண்டுமே என்று நினைத்தபடி உலகு கூடத்துத் தரையில் உட்கார்ந்து, மேசைக்கு அடியில் தலையை நுழைத்து, கட்டைவிரல் அளவே இருந்த அந்தக் கறுப்புத் துண்டைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரின் முன்பக்கத்து ஓட்டைகள் இரண்டும் எப்போதோ அடைந்துபோயிருந்தன. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அப்பா சந்தனத்தைக் குழைத்து அப்பி நடுவில் குங்குமம் வைப்பார், மோட்டார் சைக்கிளுக்கும் அரிவாள்மணைக்கும் வைக்கிற அதே சந்தனம், அது காய்ந்து பொடிந்து ஓட்டைக்குள்ளேயே குடியேறிவிட்டது. பின்பக்கம்தான் கதி. மூன்று மணிக்குப் பல்கலைக்கழகத்தின் உள்ளகப் புகார்க் குழு திரையில் வந்து உட்காரும். போன மாதம் நேரிலேயே உட்கார்ந்திருந்தது, தலைவி மேடம், ஒரு வக்கீலம்மா, ஓரத்தில் குறிப்பெடுக்கிற ஒருவர். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னவள் அந்த ஒன்றுக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. முதல் தடவை நடந்த அன்றைக்கே ஏனம்மா யாரிடமும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் ஒன்றரை வருஷம் எப்படி அதே அறைக்குப் போய்வந்தாய். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அதன் ஒரு இறக்கை மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது, குறிப்பெடுக்கிறவர் அவள் மௌனத்தையும் ஏதோ எழுதிக்கொண்டார். இன்னொரு வாய்ப்புத் தருகிறோம், வீட்டிலிருந்தே பேசலாம், அன்றும் இதற்கு விளக்கம் இல்லையென்றால் புகாரை முடித்துவைக்க வேண்டியிருக்கும் என்று மெயில் வந்தது. முடித்துவைப்பதாம். கல்யாணத்தை முடித்துவைக்கிற மாதிரி, பஞ்சாயத்தை முடித்துவைக்கிற மாதிரி, யாருக்கோ நல்லது செய்கிற தோரணை அந்தச் சொல்லுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ.

பதில் ஒரே வரிதான், அதுதான் கொடுமை. ஆனால் அந்த ஒரு வரியை இந்தக் கூடத்தில் உட்கார்ந்து சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் இருப்பது கூடத்தில், நெட் வருவது பூசை அலமாரியில் இருக்கும் ரூட்டரிலிருந்து, இரண்டையும் இணைக்கும் நீல வயர் சுவரோரமாகச் சாமி படங்களுக்குக் கீழே ஓடுகிறது, வயரின் நீளம்தான் அவள் போகக்கூடிய தூரம். மாட்டுக்குக் கயிறு போட்டு முளைக்குச்சியில் கட்டினால் எவ்வளவு மேயுமோ அவ்வளவு. கேபிள்காரன் வந்த அன்று எங்கே வைக்கலாம் என்று கேட்டான், அப்பா யோசிக்கவே இல்லை, வீட்டுக்குப் புதிதாக வருகிற எதுவும் முதலில் அங்கேதானே போகும், சம்பளக் கவர், கல்யாணப் பத்திரிகை, அவளுடைய எம்.ஏ. மார்க் ஷீட், எல்லாம் அங்கே ஒரு ராத்திரி இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தன, ரூட்டர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. போனும் கையில் இல்லை. விடுதியிலிருந்து திரும்பி வந்த அன்றே, வேண்டாத போனெல்லாம் வரும் தாயீ, புது சிம் போட்டுத் தாரேன் என்று அப்பா வாங்கி வைத்தார், புது சிம்மும் வரவில்லை, பழைய போனும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் தட்டிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் ஹால் டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கையில் பேசுகிற விஷயமா இது. ஆகவே உள்ளறை, ஆகவே சாத்திய கதவு, ஆகவே வயர் இல்லாத நெட், ஆகவே இந்த டாங்கிள். வேலைக்கு இன்டர்வியூ என்று வீட்டில் சொல்லியிருந்தாள். புகாரை விட்டுவிட்டேன் என்றும் சொல்லியிருந்தாள். இரண்டு பொய்யையும் அப்பா உடனே நம்பினார், நம்ப விரும்புகிறவர்களை ஏமாற்ற ஒரு சாமர்த்தியமும் வேண்டியதில்லை. அதோ சாய்வு நாற்காலியில் பேப்பரை நெஞ்சில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்திருக்கிறார், வாய் லேசாகத் திறந்திருக்கிறது, தூங்குகிறவர்களிடம் கோபப்பட முடிவதில்லை, அது ஒரு தப்பிக்கிற வழி.

டாங்கிளுக்கு டிரைவர் போட வேண்டும் என்றது திரை. அதைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்துவைக்கிற மென்பொருள், டப்பாவுக்குள் உள்ளங்கை அளவு சி.டி.யில் இருந்தது, சி.டி. போடுகிற தட்டோ பொத்தானை அழுத்தினால் உள்ளேயே முனகிவிட்டு அடங்கிவிடுகிறது. நெட்டிலிருந்து இறக்கிக்கொள் என்கிறது திரை. வயரிலிருந்து விடுபடுவதற்கு வயரிடமே போய் நிற்க வேண்டுமாம், என்ன நியாயம் இது, என்று வாதாடிக்கொண்டே இறக்கினாள், வாதாடாமல் அவளால் தலைகூட வாரிக்கொள்ள முடியாது, அந்த வாய் குழுவின் மேசைக்கு முன்னால் மட்டும் எங்கே போனது. இறங்கி முடிந்ததும் நிர்வாகியின் பாஸ்வேர்டு கேட்டது. நிர்வாகி யார் என்றால் செண்பகராமன், அண்ணன், ஓசூரில் இருக்கிறான், இந்த வீட்டில் அவன் ராத்தங்கி எத்தனையோ மாதமாகிறது, இருந்தாலும் இந்தக் கம்ப்யூட்டருக்கு அவன்தான் நிர்வாகி, தினமும் அதில் உட்கார்கிறவள் விருந்தாளி. அம்மாவின் பட்டன் போனை வாங்கிக் கூப்பிட்டாள். "என்னட்டி, இந்த நேரத்துல?" என்றான். "சிஸ்டம் பாஸ்வேர்டு சொல்லு, வைஃபை போடணும்." "நீ போடுதியா? ஒண்ணு கெடக்க ஒண்ணு பண்ணி வச்சிராத. தீபாவளிக்கு வாரேன், நான் போட்டுத் தாரேன்." "வந்து என் இன்டர்வியூவையும் நீயே பேசிக் குடுத்துட்டுப் போ." "வாயப் பாரு. பிஎச்டிக்காரிக்கு ஒரு பாஸ்வேர்டு ஒடைக்கத் தெரியாதோ?" "ஒடச்சிருவேன், பொறவு நீதான் அழுவ." சிரித்தான். செண்பா கிங், சேத்து எழுது, கே பெருசு என்றான். முப்பதை நெருங்குகிற ஆள், இன்னும் கிங். வைக்கப் போகும்போது குரலைத் தணித்துக்கொண்டான். "ஏட்டி, அந்த விசயத்த விட்டுட்டேல்லா?" ம் என்றாள். "நல்லது. அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறிக் கெடக்கு. பாத்து நடந்துக்கோ." செண்பா கிங் என்று தட்டினாள், கே பெரிசாக. பாத்து நடந்துக்கோ. நடந்துகொண்டது வேறு யாரோ, பார்த்து நடக்க வேண்டியவள் இவளா. அவன் கெட்டவன் இல்லை, அதுவும்தான் எரிச்சல், ஒருத்தராவது முழுசாகக் கெட்டவராக இருந்து தொலைத்தால் இந்த வீட்டில் எவ்வளவு சுலபமாகச் சண்டை போடலாம்.

டாங்கிளில் ஒரு பச்சைப் புள்ளி மின்னியது. திரையின் மூலையில் அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் வரிசையாக வந்து நின்றன, முருகன் துணை, எஸ்.பி.எம். மாடி, கேக்காம யூஸ் பண்ணாத, அதற்குக் கீழே கம்பெனி வைத்த பெயரிலேயே அவர்கள் வீடு. எல்லாம் பூட்டின வீடுகள், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டு. இத்தனையும் இவ்வளவு நாளும் இந்தக் கூடத்துக்குள் அவள் தலைக்கு மேலே போய்வந்துகொண்டுதான் இருந்ததா என்று ஒரு கணம் உடம்பு கூசியது, கூசக் காரணமே இல்லை, வெறும் அலைதான், ஆனால் அவள் உடம்புக்குக் காரணம் கேட்கிற பழக்கம் போய்விட்டது, முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தால் போதும், யாராவது திருத்தம் என்று சொன்னால் போதும். ஆய்வேட்டில் திருத்தம் பண்ணணும், சாயங்காலம் வா, எல்லாரும் போனபிறகு வந்தால் நிதானமாகப் பார்க்கலாம். ஆய்வு வழிகாட்டியான சாரின் அறைக்கதவுத் தாழ்ப்பாள் பித்தளை. போட்டால் முதலில் ஒரு இழுப்பு, அப்புறம் ஒரு விழுதல், இரண்டு சத்தம், இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி, அந்த இடைவெளிக்குள் எழுந்து ஓடியிருக்கலாம் என்று எத்தனை ராத்திரி கணக்குப் போட்டிருப்பாள். சரி, பாஸ்வேர்டு. ரூட்டருக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும் என்று டப்பாவில் படம் போட்டிருந்தது. எழுந்து அலமாரிப் பக்கம் இரண்டடி வைத்திருப்பாள், அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்தது. "ஏட்டி, ஏட்டி, அங்கனயே நில்லு. இன்னைக்கு மூணாம் நாளுல்லா?"

அம்மா ஆவுடையம்மாள் கை நிறைய வாழைப்பூ மடலோடு வந்து குறுக்கே நின்றாள். "எம்மா, நான் சாமியத் தொடல, ரூட்டரத்தான் திருப்பிப் பாக்கணும்." "சாமி பக்கத்துலல்லா இருக்கு." "பக்கத்துல இருந்தா அதுவும் சாமியா? அப்ப அந்தத் தீப்பெட்டி?" "வெதண்டாவாதம் பேசாத. நாளைக்குத் தலைக்குக் குளிச்சிட்டுத் தொடு." "இன்டர்வியூ இன்னைக்கும்மா. சரி, நான் கேக்கேன், அதுல இருந்து வர்ற நெட்டு வீடு பூரா பரவுது, இப்பவே என் மேல பட்டுக்கிட்டுத்தான் இருக்கு, என் மேல பட்டு உன் மேல பட்டு நேரா முருகன் மேலயும் படுது. அதுக்கு என்ன சொல்லுத?" அம்மா ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தாள். "படுதது கண்ணுக்குத் தெரியலல்லா. தெரியாதது தீட்டில்ல," என்றாள். பட்டிமன்றத்தில் நாலு கல்லூரிகளை உட்கார வைத்தவளை அம்மா உட்கார வைத்துவிட்டாள், இந்த வீட்டின் சட்டம் முழுக்க இந்த ஒரு வரிக்குள் இருந்தது, தெரியாதது தீட்டில்லை, தெரியாதவரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை, சொன்னால்தான் அசிங்கம், சொல்கிற வாய்தான் அசிங்கம். அம்மா அதற்குள் கையைக் கழுவிவிட்டு வந்து, விக்கிரகத்தைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ரூட்டரை எடுத்துக் கவிழ்த்தாள். அடியிலும் அப்பா விட்டுவைக்கவில்லை. ஸ்டிக்கரின் மேல், சரியாக எழுத்துகள் இருக்கிற இடத்தில், சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கிடந்தன. "மறைக்கிதே," என்றாள் அம்மா. "சொரண்டும்மா." "குங்குமத்தச் சொரண்டக் கூடாதுட்டி." "அப்ப நான் கூடத்துலயே உக்காந்து பேசுதேன், அப்பா டிவி பாக்கட்டும், எல்லாரும் கேளுங்க." இதை எந்தக் குரலில் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை, அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் கட்டைவிரல் நகத்தால் மெதுவாகச் சுரண்டி, உதிர்ந்த குங்குமத்தை வீணாக்காமல் உள்ளங்கையில் ஏந்தி, கொஞ்சம் தாலியில் வைத்துக்கொண்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். முடித்ததும் ரூட்டரை வைத்துவிட்டுத் திரும்பாமலேயே கேட்டாள். "இன்டர்வியூதானட்டி?" "ஆமாம்மா." "சரி," என்றாள். அந்தச் சரிக்குள் என்ன இருந்தது என்று உலகு தோண்டவில்லை. தோண்டினால் அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்பதும் வெளியே வரும், அன்றைக்கு ராத்திரி அப்பா போனை வைத்தபோது பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாளா, இல்லை அடுப்படியில் இருந்தாளா.

இணைந்தது என்று வந்தது. நீல வயரைப் பிடுங்கினாள், வயர் இல்லாமலேயே ஒரு பக்கம் திறந்தது, ஒரு சின்ன சந்தோஷம் வந்து போனது, வந்ததற்கு வெட்கமும் வந்தது. அப்பா அதற்குள் விழித்துக்கொண்டார். "முடிஞ்சிதா தாயீ? தள்ளு, கனமா இருக்கும், நான் தூக்குதேன்." கோமதிநாயகம், கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், மூட்டு வலிக்காரர், சி.பி.யு.வை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயில் படியேறுகிறவர் மாதிரி ஒவ்வொரு அடியாக வைத்து உள்ளறைக்குப் போனார், அவள் பின்னாலேயே திரையைத் தூக்கிக்கொண்டு போனாள். "வயரே வேண்டாமா? காத்துலயேவா வருது?" "காத்துல இல்லப்பா, அலை." "என்னத்தையெல்லாம் கண்டுபிடிச்சிருக்கான்." வியப்பு நிஜமானது, முகம் மலர்ந்துவிட்டது, எம்.ஏ.வில் அவள் தங்கப் பதக்கம் வாங்கின அன்று இப்படித்தான் மலர்ந்தது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். இவர்தான். அந்த ஒரு வரிப் பதில் இவர்தான். சொன்னாள், அன்றைக்கே சொன்னாள், முதல் தடவை நடந்த அன்று அந்த அறையிலிருந்து நேராக விடுதிக்கு வந்து மாடிப்படியில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், முதலில் கூப்பிட்டது இவரைத்தான், வேறு யாரைக் கூப்பிடுவாள். அப்பா, சார் கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டார் என்று ஆரம்பித்து முழுக்கச் சொன்னாள். அந்தப் பக்கம் பின்னால் டிவியில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் அப்பா பேசினார், அதட்டாமல், அன்பாகத்தான் பேசினார், அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். அழாத தாயீ. பொறுத்துக்கோ. ரெண்டு மூணு வருசந்தானே, பட்டத்த வாங்கிட்டு வந்துரு. வெளிய சொன்னா அவருக்கு ஒண்ணும் ஆவாது, உன்னத்தான் பேசுவாவ. யார்கிட்டயும் மூச்சு விடாத. அவள் பொறுத்துக்கொண்டாள். ஒன்றரை வருஷம் பொறுத்துக்கொண்டாள். அப்பா சொன்னால் தைரியம் வரும் என்று கூப்பிட்டவளுக்கு அப்பா சொன்னதால் பயம் வந்தது, பயத்துக்கு அனுமதி கிடைத்தது. புகாரில் அதை எழுதவில்லை, அச்சம் காரணமாக என்று எழுதியிருந்தாள். யாருடைய அச்சம் என்று குழு கேட்டது, அவள் மின்விசிறியைப் பார்த்தாள். இவரைக் காட்டிக்கொடுப்பதா, மூட்டு வலியோடு சி.பி.யு. தூக்குகிற இவரை. இல்லையென்றால் தன்னைக் காட்டிக்கொடுப்பதா. மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்று இந்த டாங்கிளை வாங்கியபோது நினைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிவிடலாம், அவர்களுக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. தெரியாதது தீட்டில்லை. அட, நானும் அம்மா கட்சிதானா.

அப்பா மேசையைத் துடைத்து, நாற்காலியின் ஆட்டத்தை ஒரு அட்டைத் துண்டு வைத்துச் சரிபண்ணிக் கொடுத்து, நல்லாப் பேசு தாயீ, அவசரப்படாத என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கதவைச் சாத்தினாள். உட்கார்ந்தாள். இணைப்பு இல்லை என்றது திரை. டாங்கிளை எடுத்துத் துடைத்து மறுபடி செருகினாள், முருகன் துணையும் இல்லை, மாடி வீடும் இல்லை, ஒரு வீடும் இல்லை, பாழுங்கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி. மின்விசிறியைப் போட்டாள், வியர்த்துக்கொண்டிருந்தது, இன்னும் கால்மணி நேரம்தான் இருக்கிறது. எழுந்து கதவைத் திறந்தாள், என்ன செய்வதென்று தெரியாமல் நிலையில் சாய்ந்துகொண்டு திரும்பிப் பார்த்தால் திரையில் இணைந்தது என்று இருக்கிறது. சாத்தினாள், போயிற்று. திறந்தாள், வந்தது. பாதி சாத்தினாள், வந்து வந்து போயிற்று. அப்போதுதான் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தாள், இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள், இப்போதுதான் கண்ணில் பட்டது. இந்த அறை முதலில் நெல் அறை, மூட்டை அடுக்கிய அறை, எலி கதவை அரித்துக்கொண்டு வருகிறதென்று மேலிருந்து கீழ்வரை தகரம் அடித்திருந்தார்கள், அதன் மேல் பச்சைப் பெயின்ட். மற்ற மூன்று பக்கமும் கல் சுவர், ஒரு ஆள் படுக்கிற கனம், ஜன்னல் என்று ஒன்று இல்லை, கூரை ஓரத்தில் ஒரு கைப்பிடி அளவு வெளிச்சத் துளை. அலை எலி இல்லை, ஆனாலும் தகரத்துக்கு அது தெரியாது. கம்ப்யூட்டரைக் கதவோரமாக இழுக்கலாம் என்றால் பிளக் எட்டவில்லை. ரூட்டரை இந்தப் பக்கம் கொண்டுவரலாம் என்றால் அலமாரி, அம்மா, மூன்றாம் நாள், கேபிள்காரன் துளைபோட்ட சுவர். ஆக அவள் பேச வேண்டுமென்றால் கதவு திறந்திருக்க வேண்டும், கதவு திறந்திருந்தால் நேர் எதிரே, பத்தடியில், சாய்வு நாற்காலி. வேறு இடமே இல்லாத மாதிரி அப்பா அதில்தான் உட்கார்ந்திருந்தார், பேப்பரை விரித்து. மெதுவாகப் பேசலாமா. மெதுவாகப் பேசினால் சத்தமாகப் பேசும்மா என்பார்கள், போன தடவையும் சொன்னார்கள். அப்பாவைக் கடைக்கு அனுப்பலாமா. அம்மாவிடம் சொல்லி டிவியைச் சத்தமாக வைக்கச் சொல்லலாமா, அன்றைக்கும் பின்னால் டிவிதானே ஓடியது. பேசாமல் அச்சம் என்றே சொல்லிவிடலாமா, இன்னும் கொஞ்சம் அழுத்தி, ஒரு துளி கண்ணீரோடு, அதுவும் பொய்யில்லையே, முழுசும் இல்லை என்பதைத் தவிர. முழுசும் இல்லாததை அவர்கள் முகர்ந்துவிடுவார்கள், வக்கீலம்மா போன தடவையே முகர்ந்துவிட்டாள். அந்த மனிதர் இந்த வருஷமும் புதிதாக இரண்டு பெண்களை ஆய்வுக்கு எடுத்திருக்கிறார். இரண்டு பேரில் ஒருத்தியை அவளுக்குத் தெரியும், சின்னப் பெண், சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள். அவளுக்கும் ஒரு அப்பா இருப்பார். அவரும் அன்பாகத்தான் பேசுவார்.

கதவைச் சுவரோடு சேர்த்துத் தள்ளித் திறந்து, தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு செங்கல்லை வைத்தாள். கூடத்திலிருந்து அப்பா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார், காற்றுக்காகத் திறக்கிறாள் என்று நினைத்திருப்பார். திரையில் மூன்று முகங்கள் வந்தன. "உலகம்மை, நாங்கள் பேசுவது கேட்கிறதா?" "கேக்குது மேடம்." "நீங்கள் தனியாகத்தானே இருக்கிறீர்கள்?" அறைக்குள் தனியாகத்தான் இருந்தாள். "ஆமா மேடம்." "கதவைச் சாத்தியிருக்கிறீர்களா? அது விதிமுறை, நீங்கள் சுதந்திரமாகப் பேச வேண்டும்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது, அது சிரிப்பு இல்லை என்பதும் தெரிந்தது. "இல்ல மேடம், திறந்துதான் இருக்கு. சாத்தினா நான் பேசுதது உங்களுக்கு வராது." தலைவி மேடம் வக்கீலம்மாவைப் பார்த்தார், வக்கீலம்மா தோளைக் குலுக்கினாள், குறிப்பெடுக்கிறவர் எதையோ எழுதினார். "சரி. நேராகக் கேட்டுவிடுகிறேன். முதல் சம்பவம் நடந்தபோதே நீங்கள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?" கூடத்தில் பேப்பர் புரள்கிற சத்தம் நின்றது. சம்பவம் என்ற சொல் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இன்டர்வியூவில் வருகிற சொல் இல்லை அது. இப்போது அச்சம் என்று சொல்லலாம், இப்போதுகூடச் சொல்லலாம், நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது, சொன்னால் பேப்பர் மறுபடி புரளும், சாயங்காலம் காபி வரும், அப்பா திட்டமாட்டார், பாவம் பிள்ளை பயந்துட்டு என்பார், வாயை மூடிச் சிரிக்கிற அந்தப் பெண் சாயங்காலம் திருத்தத்துக்குப் போவாள், தாழ்ப்பாள் ஒரு இழுப்பு, ஒரு விழுதல். "சொன்னேன் மேடம்," என்றாள். "என்ன சொன்னீர்கள், சரியாகக் கேட்கவில்லை, சத்தமாகப் பேசுங்கள்." அவள் சத்தமாகப் பேசினாள். "அன்னைக்கே சொன்னேன். எங்க அப்பாகிட்ட சொன்னேன்."

நாற்காலி கிரீச்சிட்டது. அப்பா எழுந்தார், அவளைப் பார்க்கவில்லை, உள்ளறைப் பக்கம் வரவும் இல்லை, யாரோ கூப்பிட்டுப் போகிறவர் மாதிரி நேராகப் பூசை அலமாரிக்குப் போனார், அதன் பக்கத்துச் சுவரில் இருந்த ரூட்டர் சுவிட்சில் கை வைத்தார். திரையில் தலைவி மேடத்தின் வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. வக்கீலம்மாவின் கை கன்னத்துக்குப் போகிற வழியில் நின்றது. கடைசியாகப் போன வார்த்தை எது, அன்னைக்கே என்பது போயிற்றா, அப்பாகிட்ட என்பது போயிற்றா, இல்லை வெறும் சொன்னேன் மட்டும்தானா, அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அடுப்படி வாசலில் அம்மா வந்து நின்றாள், மாவு படிந்த கையோடு. வீடு முழுக்க அமைதி, அவள் நிறுத்திக்கொள்வாள் என்று காத்திருக்கிற அமைதி, இதற்கு முன்னாலும் இதே அமைதி வந்திருக்கிறது, அப்போதெல்லாம் அவள் நிறுத்தியிருக்கிறாள். நின்றுபோன முகங்களையே பார்த்துக்கொண்டு அவள் தொடர்ந்து பேசினாள், குரலைக் குறைக்கவில்லை. விடுதி மாடிப்படியைச் சொன்னாள், தாழ்ப்பாளைச் சொன்னாள், கதவுக்கு அந்தப் பக்கம் நடந்ததை அன்று போனில் எந்த வார்த்தைகளில் சொன்னாளோ அதே வார்த்தைகளில் சொன்னாள், ஒவ்வொன்றும் கூடத்தில் போய் விழுந்தது. அம்மா சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். உலகு நாற்காலியைத் திருப்பினாள், இப்போது திரை முதுகுக்குப் பின்னால் இருந்தது. "பொறுத்துக்கோன்னு சொன்னீங்கப்பா," என்றாள். "நானும் போனேன். அடுத்த வாரமே போனேன்." அப்பா திரும்பவில்லை. அவர் விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது, மறுபடி போடவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை.